கணக்கை முடக்கியது யார் என்று முதலில் பாருங்கள்

தென் மாவட்டப் பேரூராட்சி ஒன்றின் பெண் கவுன்சிலர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், கட்சி, சமூக வலைதளத்தின் பெயர் மூன்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

2022 பிப்ரவரித் தேர்தலில் முதல்முறையாக ஜெயித்தவர். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எங்கே மின்தடை, முதியோர் உதவித்தொகை முகாம் என்றைக்கு என்று தினமும் பதிவு போட்டு ஒரு பக்கத்தை வளர்த்திருக்கிறார். 31,000 பேர் பின்தொடர்ந்தார்கள். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஓர் இரவில் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. அதோடு சேர்ந்து பக்கமும் போய்விட்டது. “எங்கள் விதிகளை மீறியதால் முடக்கப்பட்டுள்ளது” என்று ஒற்றை வரி. ஆப்பிலேயே மறுபரிசீலனை கேட்டார். இருபதே நிமிடத்தில் “முடிவில் மாற்றமில்லை” என்று வந்துவிட்டது.

ஆளுங்கட்சிக்காரர்கள் கூட்டமாக ரிப்போர்ட் அடித்துத்தான் இதைச் செய்தார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. பேச்சுரிமை பறிபோனதால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நேராக ரிட் மனு போடலாமா, டிரம்ப் ஜெயித்து வாங்கியதைப் போல நானும் 50 லட்சம் நஷ்டஈடு கேட்கலாமா, அதுவரை அக்கா மகன் பெயரில் புதுக் கணக்கு தொடங்கலாமா என்பவை கேள்விகள். மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில், முடக்கத்துக்கு முந்தின நாள் போட்ட ஒரு புகைப்படத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நாலு வருடம் ராத்திரி பகல் பார்க்காமல் கட்டியது ஒரு வரியில் போனால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தோடு மனு எழுத உட்காராதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பத்து வரி எழுதிய டிரம்பைவிட, இரண்டு வரியில் கடந்துபோன அந்தப் புகைப்படம்தான் உங்கள் வழக்கின் தலையெழுத்து. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் புகைப்படம்

பாலியல் கொடுமைக்கு ஆளான பத்து வயதுக் குழந்தையின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போயிருக்கிறீர்கள். வாசலில் நின்று படம் எடுத்து, குழந்தையின் முகத்தின் மேல் ரோஜாப் பூ ஸ்டிக்கர் வைத்து, “நீதி வேண்டும்” என்று போட்டிருக்கிறீர்கள். “முகத்தை மறைத்துவிட்டேன், அம்மாவே போடச் சொன்னார்” என்கிறீர்கள்.

உங்கள் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய பிரதியை நானும் பார்த்தேன். குழந்தையின் முகம் மட்டும்தான் மறைந்திருக்கிறது. அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. கதவுக்கு மேலே வீட்டு எண். பின்னால் தெருப் பெயர்ப் பலகையில் பாதி. உங்கள் ஊர்க்காரர் யாருக்கும் அது எந்த வீடு என்று கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு முகத்தோடு நிற்பதில்லை. பெயர், முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பெற்றோரின் சம்மதம் இதற்கு மருந்தாகாது. குழந்தையின் நலனுக்குத் தேவை என்று சிறப்பு நீதிமன்றம் கருதினால் அதுதான் அனுமதி தர முடியும்.

பெரிய தலைவர்களும் இதே இடத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் டெல்லியில் ஒன்பது வயதுச் சிறுமியின் பெற்றோரைச் சந்தித்த படத்தை ராகுல் காந்தி வெளியிட்டார். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் புகார் செய்ய, ட்விட்டர் அவர் கணக்கைப் பூட்டியது. சுமார் ஒரு வாரம் கழித்துத்தான் திறந்தது. குரலை நசுக்குகிறார்கள் என்று கட்சி சொன்னது. அரசியலாக அந்தக் குற்றச்சாட்டு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், சட்டத்தில் அந்தப் படத்துக்குப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே, உங்கள் கணக்கு போனதற்கு இந்தப் படமே காரணமாக இருக்கலாம். இப்படியே ரிட் மனு போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் பதிலுரையிலேயே இதை இணைப்பார். இதுவரை யாரும் புகார் கொடுக்காத ஒரு விஷயத்தை நீங்களே நீதிமன்றக் கோப்பில் ஏற்றியதாகிவிடும். அந்தப் படம் வார்டு வாட்ஸ்அப் குழுக்களில் இன்னும் சுற்றுகிறதா என்று இன்றே விசாரித்து, அட்மின்களிடம் அழிக்கச் சொல்லுங்கள். இனி எனக்கு உள்பட யாருக்கும் அதை அனுப்பாதீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் குற்றவியல் வழக்கு நடத்தும் வக்கீல் ஒருவரை நேரில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கதவை மூடியது யார்?

கணக்கு முடங்குவதில் இரண்டு வகை உண்டு. நிறுவனம் தன் விதியைக் காட்டித் தானே முடக்குவது ஒன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவில் மத்திய அரசு உத்தரவிட்டு முடக்க வைப்பது இன்னொன்று. மருந்து இரண்டுக்கும் வேறு வேறு. அரசு உத்தரவு என்றால் எதிரே நிற்பது அரசு. அடிப்படை உரிமை என்று சொல்லி உயர் நீதிமன்றத்துக்கு நேராகவே போகலாம். ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் 69-ஏ செல்லும் என்றதே, அதில் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், அதை ரிட் மனுவில் எதிர்க்கலாம் என்ற காப்புகள் இருப்பதால்தான்.

எது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. அரசு உத்தரவால் மறைக்கப்படும் கணக்கு பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான் மறையும். துபாயில் இருக்கும் உங்கள் தம்பி தேடிப் பார்த்தும் பக்கம் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த அறிவிப்பும் “எங்கள் விதிகள்” என்றுதான் சொல்கிறது. எனவே இது நிறுவனத்தின் வேலை என்றே வைத்துக்கொள்வோம்.

ஆளுங்கட்சி ரிப்போர்ட் அடித்தது என்கிறீர்கள். அடித்திருக்கலாம். ஆனால் ரிப்போர்ட் அடிப்பது கட்சிக்காரர்கள். கட்சி வேறு, அரசு வேறு. அந்தக் கோட்டைத் தாண்ட உங்களிடம் இருப்பது எதிர்வார்டு கவுன்சிலரின் “தூக்கிட்டோம்ல” என்ற ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அதை வைத்து நிறுவனம் அரசின் கைப்பாவை என்று எந்த நீதிபதியும் எழுத மாட்டார்.

டிரம்ப் ஜெயித்தாரா?

இதே வாதத்தை இதைவிடப் பல மடங்கு ஆவணங்களோடு வைத்தவர்தான் டிரம்ப். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றக் கலவரத்துக்குப் பிறகு ஃபேஸ்புக், ட்விட்டர், யூடியூப் மூன்றும் அவரை வெளியேற்றின. ட்விட்டரில் மட்டும் 8 கோடிக்கும் மேலானவர்கள் அவரைப் பின்தொடர்ந்தார்கள். அந்த ஜூலையில் மூன்று நிறுவனங்கள் மேலும் வழக்குப் போட்டார். எதிர்க்கட்சியினரின் அழுத்தத்தால் முடக்கினார்கள், ஆகவே இது அரசின் செயல்தான், பேச்சுரிமை மீறல் என்பது வாதம். (முடக்கப்பட்ட அன்று அதிபர் நாற்காலியில் இருந்தவர் அவரேதான் என்பதை எதற்கும் நினைவில் வையுங்கள்.) 2022 மே மாதம் கலிஃபோர்னியா மாவட்ட நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ ட்விட்டர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அமெரிக்கச் சாசனத்தின் பேச்சுரிமைத் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது, தனியார் நிறுவனத்தை அல்ல என்றார். நிறுவனம் அரசின் கையாக இயங்கியது என்று காட்டும் அளவுக்கு மனுவில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

அப்புறம் எப்படிக் கணக்கு திரும்பி வந்தது? 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கினார், நவம்பரில் திறந்துவிட்டார். மற்ற இரண்டும் 2023 தொடக்கத்தில் திறந்தன. பணம் வந்தது 2025-ல், அவர் மறுபடி தேர்தலில் வென்ற பிறகு: மெட்டா (ஃபேஸ்புக்கின் நிறுவனம்) 2.5 கோடி டாலர், எக்ஸ் (பழைய ட்விட்டர்) சுமார் 1 கோடி, யூடியூப் 2.45 கோடி. எல்லாம் சமரசம், எந்த நீதிமன்றமும் கொடுக்கச் சொல்லவில்லை. தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்று யூடியூப் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அவருக்குக் கிடைத்த பலம் வழக்கிலிருந்து வந்ததா, பதவியிலிருந்து வந்ததா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். “என்னைத் திட்டுபவர்களை மட்டும் பிளாக் செய்திருந்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். டிரம்பும் செய்தார். அதிபராகப் பயன்படுத்தும் கணக்கில் விமர்சிப்பவர்களைத் தடுக்கக் கூடாது என்று 2019-ல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவர் பதவி இழந்ததால் 2021-ல் உச்ச நீதிமன்றம் வழக்கே காலாவதியானது என்று அந்தத் தீர்ப்பை நீக்கியது. இந்தியாவில் உங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனால் குடிநீர் நேரம் சொல்லும் கவுன்சிலர் பக்கத்தில் வார்டுவாசியைத் தடுத்துவிட்டு, என்னைத் தடுத்தார்கள் என்று மனு எழுதினால் படிப்பவருக்குச் சிரிப்பு வரும்.

நம் ஊரில் 19(1)(அ) எவ்வளவு தூரம் வரும்?

பேச்சுரிமை தரும் அந்தச் சாசனப் பிரிவு கொஞ்ச தூரம் வரும். 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகள், பேச்சுரிமையையும் வாழ்வுரிமையையும் அரசு அல்லாதவர்களுக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றார்கள். உங்கள் வக்கீல் நண்பர் சொன்னது இதைத்தான், தவறில்லை. ஆனால் 2025 அக்டோபரில் வாட்ஸ்அப் கணக்கு முடக்கப்பட்ட ஒருவர் உச்ச நீதிமன்றம் போனபோது, வாட்ஸ்அப் வைத்திருப்பது என்ன அடிப்படை உரிமை என்று கேட்டதோடு, நம்ம நாட்டு ‘அரட்டை’ செயலி இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்களேன் என்றது அமர்வு. மனு திரும்பப் பெறப்பட்டது. தீர்ப்புப் புத்தகத்தில் ஒரு காற்று வீசுகிறது, கோர்ட் ஹாலில் வேறு காற்று. பேச்சுரிமையை மட்டும் நம்பி ரிட் போட்டால், “வேறு வழி இருக்கும்போது இங்கே ஏன் வந்தீர்கள்?” என்பது முதல் கேள்வியாக இருக்கும்.

அந்த வேறு வழிதான் உங்களுக்கு உண்மையில் பலமானது.

காரணத்தைக் கேளுங்கள்

சமூக வலைதளம் போன்ற ‘இடைத்தரகர்’களுக்கான தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-ல் வந்தன. இந்தியாவில் 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் உள்ள நிறுவனம் இங்கேயே குடியிருக்கும் குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் பெயரும் முகவரியும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். விதி 4(8) இன்னும் முக்கியம்: நிறுவனம் தானாக முன்வந்து ஒரு தகவலை நீக்கினால், அதற்கு முன்பே காரணத்தோடு பயனருக்குத் தெரிவிக்க வேண்டும், எதிர்த்துச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். உங்களுக்கு வந்த ஒற்றை வரியில் எந்தப் பதிவு, எந்த விதி என்ற பேச்சே இல்லை. விதி ‘தகவல்’ என்றுதான் சொல்கிறது, ‘கணக்கு’ என்று சொல்லவில்லை என்று அவர்கள் வாதிடுவார்கள். அந்த ஒரு படத்தை நீக்கியதைப் பற்றி நான் பேசவில்லை, அதோடு போன நாலு வருடப் பதிவுகளும் தகவல்தானே என்பது உங்கள் பதில். 2022 அக்டோபர் திருத்தம் இன்னொரு வரியையும் சேர்த்தது: சாசனத்தின் 14 (சமத்துவம்), 19 (பேச்சுரிமை), 21 (வாழ்வுரிமை) பிரிவுகள் உள்ளிட்ட குடிமக்கள் உரிமைகளை நிறுவனம் மதிக்க வேண்டும். உங்கள் பேச்சுரிமை வாதத்தை இந்த வரியில் தொங்கவிடுங்கள், தாங்கும்.

ஆப்பில் செய்த மறுபரிசீலனையை நீங்கள் மேல்முறையீடு என்று நினைத்திருக்கிறீர்கள். அது நிறுவனத்தின் சொந்த ஏற்பாடு. குறைதீர் அலுவலருக்கு நீங்கள் இன்னும் எழுதவே இல்லை. ஒரு விதத்தில் நல்லதுதான், எந்தக் கெடுவும் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. இப்போது எழுதுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் நீங்களே எழுத வேண்டும். அக்கா மகன் தட்டச்சு செய்து தரலாம், அனுப்புநர் அவர் ஆகக் கூடாது. 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும். தீர்த்துவைக்க 2021 விதிகளில் 15 நாள் இருந்தது. இந்தக் கெடுக்கள் அடிக்கடி திருத்தப்படுவதால் அனுப்பும் நாளில் நடப்பு விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் திருப்தி இல்லை என்றாலோ, பதிலே இல்லை என்றாலோ, மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். மூன்று குழுக்கள் 2023 முதல் இயங்குகின்றன. எல்லாமே ஆன்லைனில்தான், டெல்லிக்கு அலைய வேண்டாம். அலுவலரின் பதில் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் போட்டாக வேண்டும். குழுவும் 30 நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது விதி. அதன் உத்தரவை நிறுவனம் நிறைவேற்றி, அந்த அறிக்கையைத் தன் தளத்தில் போட வேண்டும்.

கடிதத்தில் என்ன எழுதுவது? அந்தப் படத்தை மறைக்காதீர்கள், நியாயப்படுத்தவும் வேண்டாம். அந்தப் பதிவு நீக்கப்பட்டதை நான் எதிர்க்கவில்லை, அதைத் திரும்பக் கேட்கவும் இல்லை, ஆனால் ஒரு பதிவுக்காக ஆயிரக்கணக்கான மக்கள் பணிப் பதிவுகளோடு கணக்கையே நிரந்தரமாக முடக்குவது அளவுக்கு மீறியது என்று எழுதுங்கள். நீக்கிய தகவல்களை 180 நாள் பாதுகாக்க வேண்டும் என்ற விதியை நினைவூட்டுங்கள். இந்த வரிகள் நாளைக்கு உங்களுக்கு எதிராகவே வாக்குமூலம் போலப் படிக்கப்படலாம் என்பதால், அனுப்பும் முன் அந்தக் குற்றவியல் வக்கீல் ஒருமுறை பார்க்கட்டும். ஸ்கிரீன்ஷாட்கள் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமென்றால் மின்னணு ஆதாரத்துக்கான பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழ் தேவை, எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு நிறுவனமும் குழுவும் வாய் திறக்காவிட்டால், மதுரைக்குப் போங்கள். அப்போது கோரிக்கை சின்னதாக இருக்கட்டும்: என் மேல்முறையீட்டை இத்தனை வாரத்துக்குள் காரணத்தோடு முடித்துவைக்க உத்தரவிடுங்கள். இப்படிப்பட்ட உத்தரவு பெறுவது, கணக்கைத் திறக்கச் சொல்லும் உத்தரவைவிட எவ்வளவோ எளிது.

ஜெர்மனியிலும் பயனர்கள் ஜெயித்தது இந்த வழியில்தான். பதிவை நீக்கினால் பிறகாவது தெரிவிக்க வேண்டும், கணக்கை முடக்குவதென்றால் முன்பே சொல்லிக் காரணம் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும், அதற்கு இடம் தராத ஃபேஸ்புக் விதிமுறை செல்லாது என்றது அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம், 2021 ஜூலையில். அதற்கும் முன்னால், 2019 மே 22 அன்று, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலுக்கு நாலே நாள் இருக்கும்போது, ஒரு சிறிய தீவிர வலதுசாரிக் கட்சியின் பக்கத்தைத் தேர்தல் முடியும்வரை திறந்துவிடச் சொன்னது அரசியல் சாசன நீதிமன்றம். கட்சியின் கொள்கை பிடித்ததாலல்ல, வாக்காளரை அடையும் வாய்ப்பு போனால் பிறகு திரும்ப வராது என்பதால். இங்கே இது முன்னுதாரணம் ஆகாது. ஆனால் தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு இடைக்கால நிவாரணம் கேட்க நேர்ந்தால் எடுத்துக்காட்டத் தகுந்தது.

50 லட்சமும் புதுக் கணக்கும்

நஷ்டஈட்டு வழக்கு போட வேண்டாம் என்பேன். தமிழ்நாட்டில் தொகை வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம். 50 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம் முதல் நாளே கட்ட வேண்டும். பக்கத்திலிருந்து உங்களுக்கு வருமானம் எதுவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க நஷ்டத்தை எந்தக் கணக்கில் நிரூபிப்பது?

அக்கா மகன் பெயரில் கணக்கும் வேண்டவே வேண்டாம். முடக்கத்தைச் சுற்றிக்கொண்டு வருவது பெரும்பாலான நிறுவனங்களின் விதிப்படி தனிக் குற்றம். உங்கள் மேல்முறையீட்டில் அதுவே எதிரான ஆதாரமாகும், அந்தப் பையனின் கணக்கும் போகும். தண்ணீர் நேரத்துக்கு இப்போதைக்கு வார்டு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மேல்நிலைத் தொட்டிப் பக்கம் ஒரு கரும்பலகையும் வையுங்கள். போன் இல்லாத கிழவிகள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

பக்கம் கணக்கோடு சேர்ந்து போனதற்கு, அதற்கு நீங்கள் ஒருவரே அட்மினாக இருந்ததும் காரணம். திரும்பக் கிடைத்தால் அன்றைக்கே இரண்டாவது அட்மின் ஒருவரை, அவருடைய உண்மைப் பெயரிலேயே, சேர்த்துவிடுங்கள். அந்த வேலைக்கு அக்கா மகன் சரியான ஆள்.